ஜட்காவில் ஒட்டிய நாடு

ஆம்பூர் ரயிலடியில் நான் வழக்கமாக ஏறும் ஜட்காவை ஓட்டியவர் தாடி நரைத்த, ஒல்லியான ஒரு சாயபு. வண்டியைக் கிளப்புமுன் பின்பலகையில் ஒட்டியிருந்த சீட்டைத் தோள்துண்டால் துடைப்பார். அதில் ஒரு பிறையும் ‘ரூம் ராஜ்யம்’ என்ற எழுத்தும் இருக்கும். துருக்கி சுல்தானின் நாட்டுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஒரு காலத்தில் ஊர் ஜட்காக்கள் எல்லாமே அதைச் சுமந்தன. அந்த நாட்டுக்காரர்களே சுல்தானை இறக்கிவிட்டு நாட்டின் பெயரையும் மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், ஒட்டியவர்களே ஆத்திரத்தோடு சுரண்டிப்போட்டார்கள். இவர் மட்டும் விட்டுவைத்தார்.

“அந்த நாடே இல்லியே பாய், இன்னும் இன்னாத்துக்கு இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

குதிரையைப் பார்த்தபடியே சொன்னார். “எம் பையன் வெள்ளக்காரன் பட்டாளத்துல சேந்து ரூம் மேல சண்டைக்குப் போனான் சாமி. அங்கியே செத்துட்டான். ரூம்ல செத்தான்னு மட்டும்தான் சர்க்கார்ல சொன்னாங்க. இப்ப ரூமே இல்லன்னா, அவன் எங்க கெடக்கிறான்?”

தோல் மண்டி வாசலில் இறங்கிக் கூலியைக் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது அந்தச் சீட்டையும் யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள். ஒரே ஒரு சீட்டைக்கூட விட்டுவைக்க ஊருக்குப் பொறுக்கவில்லை.

அவர் துண்டை எடுத்து வெறும் பலகையைத் துடைத்தார். பிறகு, “ஏறுங்க சாமி” என்றார்.