நேற்று போட்ட மாஸ்க்

சோதனைக்கு வந்த சட்டமன்ற உறுப்பினர் அம்மா, முதலாளி, சூப்பர்வைசர், அமிலத் தொட்டியில் வேலை செய்யும் நாங்கள் இருபது பேர். சனத்நகர் பட்டறையில் அன்று நின்றவர்கள் இவ்வளவுதான்.

அந்த அம்மா ஒல்லி. எதையும் கட்டைவிரலால் விரல் கணுவைத் தொட்டே எண்ணுவார். என் மாஸ்க்கை வாங்கி உட்புறம் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அன்று காலைதான் கொடுத்திருந்தார்கள்.

"டெய்லி போடறாங்க மேடம்," என்றார் முதலாளி.

"நக்கோ, வேணாம், நீங்க இருங்க," என்றார் அந்த அம்மா, எங்களுக்காக அரைகுறைத் தமிழில். "நேத்து மாஸ்க் போட்டவங்க கையத் தூக்குங்க."

"தூக்குடா. வேல வேணாமா?" என்று சூப்பர்வைசர் என் காதில் சொன்னார்.

எனக்கு இருமல் வந்தது. கையைத் தூக்கவில்லை. யாரையும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவருக்கு எப்படி அப்படிக் கேட்கத் தோன்றியதோ, தெரியவில்லை. தூக்காதவர்களைத்தான் அவர் எண்ணினார். ஒரு கையின் விரல் கணுக்கள் போதாமல் மறு கைக்குப் போனார்.

பதினான்கு பேர்.