மூன்றாம் மாடியில் ஒரு முகமூடிக்காரி

1. தாடையில் ஒரு குத்து

அந்தோனிப்பிள்ளை ஐயா என் தாடையில் குத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மொன்றியல் லாசாலில் உள்ள ஒரு வயோதிபர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் அப்போது எனக்குப் பதினேழாவது வருடம். கடித்திருக்கிறார்கள், துப்பியிருக்கிறார்கள், தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஆனால் எண்பத்திரண்டு வயதில் நாற்பத்தெட்டுக் கிலோவில் இருந்த ஒரு மனிதரிடம் இப்படியொரு குத்து இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களைப் பிரெஞ்சில் பிரெப்போசே என்பார்கள். குளிப்பாட்டுவது, உடுத்துவது, கரண்டியால் சாப்பாடு தீத்துவது, கழுவித் துடைப்பது எங்கள் வேலை. தாதிமார் மருந்து கொடுப்பார்கள், டொக்டர் கையெழுத்து வைப்பார், மிச்சமெல்லாம் நாங்கள். பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாரும் எனக்கு ஃபோன் எடுக்க வேண்டாம்.

ஐயா மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஊரில் தபால்காரர். மொன்றியலுக்கு வந்து ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவர். மறதி நோய் முதலில் அவருடைய பிரெஞ்சைத் தின்றது, பிறகு ஆங்கிலத்தை. தமிழ் மட்டும் மிஞ்சியபோது மகள் றெஜினா அவரை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். அந்த மாடியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே ஐயா என் பொறுப்பு.

ஒவ்வொருவருக்கும் பராமரிப்புக் கோப்பு ஒன்று இருக்கும். ஐயாவின் கோப்பில், ‘உடுப்பு மாற்றும்போது வன்முறையாக நடப்பார், இரண்டு பேர் தேவை’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. காலை எட்டு மணிக்கு ஒருத்தி கைகளைப் பிடிக்க, மற்றவள் கம்பளிச் சட்டையைத் தலைவழியாக இறக்குவாள். சட்டைக்குள் தலை போனதும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். அன்று என்னோடு வேலை செய்பவள் லீவு. தமிழ்தானே, கதைத்துச் சமாளிக்கலாம் என்று தனியாகப் போனேன். என் தலைக்கனத்துக்குச் சரியான கூலி கிடைத்தது.

தலைமைத் தாதி கறோலின் ஐஸ் கட்டியோடு வந்தாள். “சிவா, ரெண்டு பேர் எண்டு எழுதிக் கிடக்குத்தானே? வாசிக்கத் தெரியாதோ?” என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “குத்தினால் குத்தட்டும். முதலில அவரைச் சாப்பிட வை. இன்னும் எடை இறங்கினால் பிறகு நாங்கள் ஒண்டும் செய்யேலாது” என்றாள்.

2. மதாம் சோவின் இரண்டு மணி

அதே மாடியில் மதாம் சோ என்று ஒரு கொரிய அம்மா இருந்தார். அவருடைய மருமகள் பொது அறைத் தொலைக்காட்சியில் ஒரு கொரியச் சரித்திர நாடகத்தை வரச்செய்து கொடுத்திருந்தாள். அடியில் பிரெஞ்சு எழுத்து ஓடும். தினமும் பின்னேரம் இரண்டு மணிக்கு ஒரு பாகம். வேறு யாராவது சனலை மாற்றப் பார்த்தால் மதாம் சோ கைத்தடியைத் தூக்குவார். அதனால் மாடி முழுக்க கொரிய நாடகம்தான் பார்த்தது.

கதாநாயகி ஒரு மாகாண அதிபதியின் சமையலறையில் வேலைக்காரி. பகல் முழுவதும் தலை நிமிராமல் முள்ளங்கி அரிவாள். இருட்டியதும் கண் மட்டும் தெரியக் கறுப்புத் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறிவிடுவாள். அதிகாரிகள் பதுக்கிய அரிசியைக் கொண்டுபோய் ஏழைகளின் வாசலில் வைப்பாள். பொய்க் குற்றத்தில் அகப்பட்டவர்களைச் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு ஓடுவாள்.

ஐயாவின் மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குத் தள்ளினேன். சக்கர நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நிறுத்தி, பிரெஞ்சு எழுத்தை வாசித்து வாசித்துத் தமிழில் கதை சொல்லித் தீத்தத் தொடங்கினேன். கொரியப் பெயர் என் வாயில் நுழையவில்லை. கதாநாயகிக்குப் பவளம் என்று பெயர் வைத்தேன். கொடிய அதிபதிக்கு எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரின் பெயரை வைத்தேன். அது என் சொந்தக் கணக்கு.

“பவளம் மதிலால ஏறிறாள் ஐயா. வாயைத் திறவுங்கோ.”

“விழுந்திடுவாளோ?”

“இந்தக் கரண்டி உள்ள போனால்தான் சொல்லுவன்.”

மூன்று கிழமையில் இரண்டு கிலோ கூடியது. கறோலின் என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் பெரிய கெட்டிக்காரி என்று திரிந்தேன். பவளம் முகத்தைக் கட்டிக்கொண்டு வருகிற இடங்களில் மட்டும் ஐயா கண்ணைத் தாழ்த்திக் கிண்ணத்தைப் பார்ப்பார். சண்டைக்காட்சி பிடிக்காதாக்கும் என்று நினைத்து அங்கேதான் கோட்டை விட்டேன்.

3. ‘ஆட்டாதை பிள்ளை’

ஒரு நாள் வந்த பாகத்தில் அதிபதியின் ஆட்கள் ஒரு கிராமத்தைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்கள் எல்லோரையும் ஒரு முற்றத்தில் வரிசையாக முழங்காலில் இருத்தினார்கள். பவளம் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தூணோடு நின்று, யாரை முதலில் காப்பாற்றலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். திரை முழுவதும் கறுப்புத் துணியும் இரண்டு கண்களும்.

ஐயா என் கையைத் தட்டிவிட்டார். கரண்டி நிலத்தில் விழுந்தது. நாற்காலியின் பிடியை ஊன்றி அரைவாசி எழும்பி, தொலைக்காட்சியைப் பார்த்து, “ஆட்டாதை பிள்ளை. தலையை ஆட்டாதை. உன்னைச் சுட்டால் சுடட்டும், ஆட்டாதை” என்றார். மதாம் சோ திரும்பிப் பார்த்தார். என்னோடு வேலை செய்பவள் பக்கத்தில் நின்று, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நாடகம் பிடிக்கவில்லையாம் என்றேன்.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஊர்களில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்களைக் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வரிசையாக நடத்துவார்கள். வரிசையின் முடிவில் தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சாக்கால் மூடிய ஒரு ஆள் இருப்பார். கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. சாக்குத் தலை ஆடாவிட்டால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் லொறியில் ஏற்றுவார்கள். அந்த ஆளுக்குத் தலையாட்டி என்று பெயர். சுற்றிவளைத்தது யார் என்று நான் எழுதப்போவதில்லை. ஒருவர் மாறி ஒருவர் வந்து அதையேதான் செய்தார்கள். கொரியாக்காரருக்கு முகத்தை மூடி வருகிறவள் காப்பாற்ற வருகிறவள். எங்களுக்கு முகத்தை மூடிய ஆள் என்றால் ஒரே ஒரு ஆள்தான்.

ஐயாவும் அப்படி ஒரு வரிசையில் நின்றிருப்பார், பாவம் என்று நினைத்துக்கொண்டு அவரை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஈரத் துணியால் மடியில் கொட்டியதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் தெளிவான குரலில் சொன்னார்.

“தபால்காரன் எண்டபடியாலதான் என்னைப் பிடிச்சவங்கள். எனக்கு எல்லாற்ற முகமும் தெரியுமெல்லே.”

நான் துடைப்பதை நிறுத்தினேன்.

“றெஜினாவை ஜீப்புக்குள்ள வைச்சிருந்தாங்கள் பிள்ளை. பள்ளிக்கூடச் சட்டையோட. ஆட்டினால் விடுறம் எண்டாங்கள்.”

“எத்தினை பேர் ஐயா?” கேட்கக்கூடாது என்று தெரியும். கேட்டுவிட்டேன்.

“ஏழு.” பிறகு, “சாக்குக்குள்ள சரியான வெக்கை” என்றார்.

என்னுடைய அண்ணை ஒரு சாக்குத் தலை ஆடியதால் லொறியில் ஏறி, திரும்பி வராதவர். அவருக்கு இருபத்தொரு வயது. அது வேறு ஊர், வேறு வருடம், வேறு சாக்கு. ஐயாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கையில் இருந்த ஈரத் துணியை அவர் மடியில் எறிந்துவிட்டு வெளியே போனேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எறிந்தேன்.

4. இரண்டாம் மாடி

முதுகு நோகிறது என்று சொல்லி மாடி மாற்றம் கேட்டேன். கறோலின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டாம் மாடிக்கு அனுப்பினாள். ஐயா மற்றவர்களிடம் சாப்பிடுகிறாரில்லை என்று மதிய இடைவேளையில் காதில் விழும். கூடிய இரண்டு கிலோவும் இறங்கிவிட்டது என்றார்கள். எனக்கென்ன என்று இருந்தேன். அந்த ஏழு பேருடைய தாய்மாருக்கும் யார் தீத்தினது என்று மனதுக்குள் கேட்டேன். அப்படிக் கேட்கும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை றெஜினா லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்தாள். ஐம்பது வயதுக்காரி, ரொக்ஸ்பரோவில் இருந்து பூசை முடிந்த கையோடு ஒவ்வொரு ஞாயிறும் வருவாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, அப்பா ஆரிட்டையும் சாப்பிடுறாரில்லை. இனி வற்புறுத்தமாட்டம், நோகாமல் மட்டும் பாக்கிறம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நீங்கள் ஏன் கீழ வந்தனீங்கள்? அப்பா ஏதும் பிழையாக் கதைச்சவரோ?”

“இல்லை. முதுகு.”

“அவர் ஒருத்தருக்கும் கெடுதல் நினையாத மனிசன் அக்கா. சின்னனில என்னை ஒருக்கா ஜீப்பில ஏத்தினவங்கள். பின்னேரமே விட்டிட்டாங்கள். அண்டைக்குப் பிடிச்சதில விட்டது என்னை மட்டும்தான். மாதா காப்பாத்தினவ எண்டு அப்பா சொல்லுவார். நான் இண்டைக்கும் வருஷா வருஷம் அந்த நாளில மெழுகுதிரி கொளுத்திறனான்.”

லிஃப்ட் வந்து திறந்து மூடிப் போய்விட்டது. ஒரே ஒரு வசனம் என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் இந்தப் பெண் மிச்சக் காலம் முழுவதும் ஏழு பேரைச் சுமந்திருப்பாள். அவள் செய்த குற்றம் பள்ளிக்கூடம் போனது.

“நாளைக்கு மேல வாறன்” என்றேன். அது இரக்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மனிதர் பட்டினியில் சாக நான் காரணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

5. கேள்வி

மறுநாள் காலை கம்பளிச் சட்டையை அலுமாரியில் வைத்துவிட்டு, முன்பக்கம் திறந்து தெறி பூட்டுகிற சட்டை ஒன்றைத் தேடி எடுத்தேன். தனியாகத்தான் போட்டேன். முதலில் ஒரு கை, பிறகு மற்றக் கை, பிறகு தெறி. ஐயா ஒரு விரலைக்கூட உயர்த்தவில்லை. கோப்பில் எழுதினேன்: ‘தலைவழியாக எதையும் போட வேண்டாம். முன்னால் திறக்கும் சட்டை மட்டும். முகத்தைத் துவாயால் மூட வேண்டாம்.’ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கறோலின் கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். சிவப்பு எழுத்தை அவளே வெட்டினாள்.

பிள்ளைகளே, கோப்பில் வன்முறை என்று எழுதியிருந்தால், அந்த ஆளைக் குற்றம் சொல்ல முன் அந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த மனிதருக்கு ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு நாங்கள்தான் சாக்குப் போட்டிருக்கிறோம்.

சாப்பாடு மட்டும் சரிவரவில்லை. நாடகத்தை இனி அவருக்குக் காட்ட முடியாது. அறையில் வைத்துத் தீத்தப் போனால் கரண்டியை விலக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

“பிள்ளை, அண்டைக்கு லொறியில ஏத்தின ஆக்கள் திரும்பி வந்தவையோ?”

கரண்டியைத் திரும்பவும் நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அடுத்த நாளும் அதே கேள்வி. எனக்குத் தெரியாது ஐயா என்றேன். மறுபடி மூடிக்கொண்டார். நாலு நாள் இப்படியே போனது. வந்துவிட்டார்கள் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். லொறி திரும்பி வரும் என்று வாசலில் நின்று பார்த்த வீட்டில் பிறந்தவளுக்கு அந்தச் சொல் வாயில் வராது.

ஐந்தாம் நாள் மதாம் சோவின் நாடகம் முடிகிற நாள். கிண்ணத்தோடு போகும் வழியில் பொது அறை வாசலில் நின்றேன். பவளம் ஊர்ச் சனத்துக்கு முன்னால் நின்று முகத்துத் துணியை அவிழ்க்கிறாள். சனம் அவளை அடையாளம் கண்டு, அழுது, கட்டிப்பிடிக்கிறது. மதாம் சோவும் அழுதுகொண்டிருந்தார். எங்கள் ஊர்களில் எந்தச் சாக்கையும் சனத்துக்கு முன்னால் கழற்றியதில்லை. கழற்றியிருந்தால் உள்ளே தெரிந்திருக்கக்கூடிய முகம் எனக்காக அறையில் காத்திருந்தது. கண்ணெல்லாம் குழிவிழுந்த, சவரம் செய்யாத, பசித்த முகம்.

போய்க் கட்டில் விளிம்பில் இருந்தேன்.

“பிள்ளை, அவையள் வந்தவையோ?”

“வந்திட்டினம் ஐயா.”

“ஏழு பேருமோ?”

“ஏழு பேரும். வீட்டை வந்து சாப்பிடுகினம். நீங்களும் சாப்பிடுங்கோ.”

வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை தீத்தினேன். அதற்குப் பிறகு அவர் ஐந்து மாதம் இருந்தார். ஒவ்வொரு மதியமும் கேட்டார், ஒவ்வொரு மதியமும் சொன்னேன். றெஜினா என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

இந்த வேலைக்கு வர முந்தி, பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுக் கட்டிலில் அம்மாவும் மறதியோடுதான் கிடந்தார். கரண்டியைக் கொண்டுபோனால், “கொண்ணன் வந்திட்டானோ?” என்று அண்ணையைக் கேட்பார். அம்மாவை ஏமாற்றக்கூடாது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் “இல்லை அம்மா” என்று உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் அப்போதுதான் முதலில் கேள்விப்படுகிறமாதிரி அழுதார். சாப்பிடாமலே போனார். வந்திட்டினம் என்ற சொல்லை என் வாயால் முதலில் கேட்டவர் ஒரு தலையாட்டி.