இறகு தொட்ட இடம்

எங்கள் பாலர் வகுப்புக்கு வந்த டீச்சர் செய்த முதல் காரியம், ஒரு பையனைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து அவனைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்ததுதான். அவன் எழுந்து நகர்ந்ததும் தரையில் ஓர் ஆள் கிடந்தான். அவனுக்குக் கை கால் தலை எல்லாம் இருந்தன. கண், மூக்கு, வாய் மட்டும் இல்லை. "பாவம், இவனுக்குக் கண்ணே தெரியலையே, யாரு குடுப்பீங்க?" என்று டீச்சர் கேட்டார். புளியங்கொட்டைகளை அள்ளிக்கொண்டு நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினோம். அன்றைக்கு அந்த ஆளுக்கு ஒன்பது கண்கள் கிடைத்தன. டீச்சர் ஒன்றையும் எடுத்துப் போடவில்லை.

அந்த வகுப்பு நடந்தது ஆம்பூரில், பாலாற்றை ஒட்டி இருந்த ஒரு தோல் ஷாப்பில். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தோலை ஊறவைக்க ஆவாரம்பட்டை இடிக்க வரும் பெண்கள் தங்கள் குழந்தைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படி வந்த குழந்தை ஒன்று தவழ்ந்துபோய்ச் சுண்ணாம்புக் குழியில் விழுந்து இறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் முதலாளி சாயபு, உப்புத்தோல் அடுக்கி வைத்திருந்த கிடங்கு ஒன்றைக் காலிசெய்து கொடுத்து, மெட்ராஸில் படித்த ஒரு டீச்சரையும் வரவழைத்தார். எவ்வளவு கழுவியும் அந்தக் கிடங்கில் தோல் வாடை போகவில்லை. எங்களுக்கு அது வாடை என்றே தெரியாது. டீச்சர்தான் முதல் சில நாட்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

என் அப்பா அந்த ஷாப்பில் மேஸ்திரி. கூலிக்காரர் பிள்ளைகளோடு என்னை உட்காரவைக்க அம்மாவுக்கு இஷ்டமில்லை. மேஸ்திரியே மகளை அனுப்பாவிட்டால் சாயபு என்ன நினைப்பார் என்று அப்பா சொன்னதால் நான் போனேன். போன பிறகு என்னை நிறுத்திவைக்க யாராலும் முடியவில்லை. அங்கே பிரம்பு கிடையாது, பலகையும் கிடையாது. பட்டைக் குவியலைச் சுற்றி மூச்சு வாங்க ஓடுவோம். ஓடி நின்றதும் ஒருவர் நெஞ்சில் இன்னொருவர் காதை வைத்துக் கேட்க வேண்டும். முழங்கால் ஏன் பின்பக்கம் மட்டும் மடங்குகிறது என்று மடக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் முதுகெலும்பை மேலிருந்து கீழாக விரலால் தடவி, அது ஒரே எலும்பா பல எலும்பா என்று சொல்ல வேண்டும். "படிக்க அனுப்பினா இன்னாத்தையோ ஆடிட்டு வருது" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கோ, இத்தனை நாளாக நம்மோடு இருந்த உடம்பை யாரோ அன்றைக்குத்தான் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தது போல இருந்தது.

எனக்கு ஜோடி ஜமீலா. அவளுடைய அப்பா வண்டியில் தோல் கட்டுகளை ஏற்றி இறக்குகிறவர். அம்மா இல்லை. வீட்டில் உருதும் எங்களிடம் தமிழும் பேசுவாள். கோபம் வந்தால் இரண்டும் ஒன்றாக வரும். என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ளாற யாரோ பட்டை இடிக்கிறாங்க டீச்சர்" என்று கத்தியவள் அவள்தான். டீச்சர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வெளியே நிஜமாகவே பட்டை இடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இறகு விளையாட்டு மழைக்காலத்தில் வந்தது. வெளியே ஓட முடியாது என்பதால் டீச்சர் ஒரு கோழியிறகைக் கொண்டுவந்தார். ஒரு பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டி, இறகால் எங்காவது லேசாகத் தொடுவார். தொட்ட இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். கழுத்து, கணுக்கால், முழங்கை, காது மடல். சரியாகச் சொன்னவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வரலாம். டீச்சர் இல்லாத நேரத்தில் நாங்கள் அந்த விளையாட்டின் சட்டத்தை மாற்றிவிட்டோம். எங்கே தொட்டாலும் கூச்சப்படாமல், சிரிக்காமல் இருக்கிறவர்தான் ராஜா. நான் இறகைக் கண்டாலே நெளிகிறவள். ஜமீலாவும் முதலில் அப்படித்தான் இருந்தாள். ஒருநாள் அவள் இடது கையை நீட்டி, "இங்க தொடு. நான் சிரிச்சா கேளு" என்றாள்.

முன்கையில் வெளிறிய ஓர் இடம் இருந்தது. ஒரு வெற்றிலை அளவு இருக்கும். தேமல் என்று எல்லாரும் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். குப்பைமேனி அரைத்துப் பூசியிருந்தார்கள். அங்கே இறகால் தொட்டேன். அவள் சிரிக்கவில்லை. எல்லாரும் தொட்டோம். யாரோ ஒரு கருவேல முள்ளை எடுத்துவந்தார்கள். முள் இறங்கி ஒரு பொட்டு ரத்தம் வந்தபோதும் ஜமீலா கண்ணைச் சிமிட்டவில்லை. கிடங்கே அதிர்கிற மாதிரி நாங்கள் கத்தினோம். டீச்சர் உள்ளே வந்ததும் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்: "டீச்சர், ஜமீலாவுக்கு முள்ளு குத்தினாக்கூட வலிக்கலை!"

டீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். கண்ணைக் கட்டினார். இறகால் அவள் கன்னத்தைத் தொட்டார். "கன்னம்" என்றாள். வலது கையைத் தொட்டார். "கை" என்றாள். வெளிறிய இடத்தைத் தொட்டார். ஜமீலா காத்திருந்தாள். மறுபடி தொட்டார்.

"தொடுங்க டீச்சர், இன்னா சும்மா இருக்கீங்க?" என்றாள் ஜமீலா.

நாங்கள் மறுபடி கைதட்டினோம். டீச்சர் எங்களைத் தடுக்கவில்லை. கண்கட்டை அவிழ்த்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கை அவ்வளவு நேரம் டீச்சர் மடியில் இருந்ததில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் ஜமீலா வரவில்லை. டீச்சரே அவளையும் அவள் அப்பாவையும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார். ரகசியமாகத்தான் அழைத்துப் போனாராம். ஆனால் முள் குத்திய கதையைப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரவர் வீட்டில் சொல்லியிருந்தோம். பெரியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வாரத்துக்குள் ஜமீலாவின் அப்பா தொட்ட தோல் கட்டைத் தொடமாட்டோம் என்று மற்ற ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு மேஸ்திரியான என் அப்பாவுக்கு வந்தது. அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. ஜமீலா வீட்டார் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்றார்கள். பிறகு குடிசை இருக்கக்கூடாது என்றார்கள். பாய், தலையணை, அவளுடைய பச்சைப் பாவாடை எல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்தப்பட்டதை நான் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜமீலா அங்கே இல்லை. அவர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள் என்றாள் அம்மா. எங்கே என்று கேட்டதற்கு, வாயை மூடு என்றாள்.

பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு விளையாடவைத்த டீச்சர்மேல் எல்லாருடைய ஆத்திரமும் திரும்பியது. அந்த விளையாட்டால்தான் நோய் வெளியே தெரிந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த விளையாட்டால்தான் வந்தது என்றார்கள். டீச்சர் ஒரு பெட்டியோடு ஸ்டேஷனுக்கு நடந்து போனார். கிடங்கில் மறுபடி உப்புத்தோல் அடுக்கினார்கள்.

அதன்பிறகுதான் அம்மா என்னோடு விளையாட ஆரம்பித்தாள். அதுவரை அம்மாவுக்கு விளையாடத் தெரியும் என்றே நான் நினைத்ததில்லை. சாயங்காலம் அப்பா வருவதற்கு முன்பு என்னைக் குளிப்பாட்டி, துவட்டி, கதவைச் சாத்திவிட்டு, விளக்குத் திரியை முறுக்கிக் கையில் வைத்துக்கொள்வாள்.

"கண்ண மூடு பாப்பா. எங்க தொட்டேன், சொல்லு."

"தோளு."

"இப்போ?"

"தொப்புளு."

ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். எல்லா இடமும் முடிந்ததும் என்னை இறுக்கி அணைத்துக்கொள்வாள். நாளெல்லாம் அடுப்படியிலேயே கிடக்கிற அம்மா எனக்கென்று மட்டும் இருந்த நேரம் அது. நான் அதற்காகவே மண்ணில் புரண்டு அழுக்காகிக்கொண்டு வருவேன்.

ஆனால் ஒரே விளையாட்டு எத்தனை நாள் ருசிக்கும்? ஒருநாள் எனக்கு ராஜாவாக வேண்டும் என்று தோன்றியது. முன்கையில் திரி பட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. கூச்சம் பொங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"சொல்லு பாப்பா."

"நீ தொடவே இல்லியே" என்றேன், ஜமீலாவைப் போலவே.

அம்மா மறுபடி தொட்டாள். மறுபடியும் தொட்டாள். கிள்ளிப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே என் வேஷம் கலைந்திருக்கும். அவளுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தேன்.

அடுத்த நாளும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த நாளும் செய்தேன். வெயிலில் எனக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டாள். அப்பா கேட்டதற்கு, கொசுக்கடி என்றாள். இரவில் என்னைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு அந்தக் கையை விடாமல் பிடித்திருப்பாள். ஜெயித்தவளுக்குக் கிடைக்கிற மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளிகொண்டா ரங்கநாதருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா கிளம்பினாள். எனக்குத் தெரிந்து அம்மா அப்பாவிடம் சொன்ன ஒரே பொய் அது. மோட்டார் பஸ்ஸில் எனக்கு அதுதான் முதல் பயணம். கோயில் சர்க்கரைப் பொங்கலை நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிகொண்டாவில் பஸ் நின்றது; கோபுரம் தெரிந்தது. அம்மா உட்கார்ந்த இடத்திலேயே கைகூப்பினாள். இறங்கவில்லை. "எம்மா, கோயிலு" என்று நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். பஸ் நகர்ந்துவிட்டது. வேலூர்வரை நான் அழுதுகொண்டே போனேன். அம்மா சமாதானப்படுத்தவும் இல்லை, அதட்டவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் வெகுநேரம் காத்திருந்த பிறகு ஒரு டாக்டரம்மா என்னைத் துணித் திரைக்குப் பின்னால் நிறுத்தினார். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொட்டார். எனக்கு மிகவும் பழகிய விளையாட்டு. புது ஆளிடம் தோற்க மனமில்லை. முன்கைக்கு வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் அம்மாவின் வளையல்கள் சத்தமிட்டன.

"தெரியலியா கண்ணு?" என்றார் டாக்டரம்மா.

"இன்னா தெரியலியா?" என்றேன் பெருமையாக.

அடுத்து ஊசி இறங்கியது. நான் போட்ட கூச்சல் வராந்தாவரை கேட்டிருக்கும். கையை உதறிக்கொண்டு, அம்மாவிடம் ஓடி, "குத்திட்டாங்கம்மா, குத்திட்டாங்க" என்று அலறினேன். தூக்கி வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடமே திரும்ப நீட்டினாள்.

"இன்னொரு தரம் குத்துங்கம்மா" என்றாள்.

"வேணாம்மா. கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. வெளாடிருக்கா."

"எனக்காக ஒரே ஒரு தரம். அதே எடத்துல."

மறுபடி குத்தினார்கள். நான் தரையில் விழுந்து புரண்டேன். அம்மா சிரித்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிய, வாய்விட்டுச் சிரித்தாள். "கத்துடி, நல்லா கத்து" என்று சொல்லிக்கொண்டே என்னை வாரி எடுத்தாள். என் அம்மா கெட்டவளாகிவிட்டாள் என்று அன்றைக்கு நான் முடிவு செய்தேன். அவளுடைய தோளில் என் பல் பதிந்த தழும்பு கடைசிவரை இருந்தது.

வெளியே வந்தபோது வராந்தாவுக்கு அப்பால், கட்டடத்திலிருந்து தள்ளி, பெரிய புளியமரத்தின் அடியில் தனியாகச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். குஷ்டத்துக்கு நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டுக்கொள்ள வாரம்தோறும் வருகிறவர்கள் அவர்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"ஏய், மேஸ்திரி பொண்ணே!"

ஜமீலா என்னை நோக்கி ஓடிவந்தாள். மர நிழலைத் தாண்டுவதற்குள் அவளுடைய அப்பா எட்டிப் பிடித்து நிறுத்தினார். இந்தப் பக்கம் என் மணிக்கட்டை அம்மா பிடித்திருந்தாள். அம்மாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நெற்றியில் கைவைத்து சலாம் சொன்னார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

என் கை இன்னும் வலித்தது. நடந்ததை நியாயமாக அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஜமீலா! நான் தோத்துட்டேன்! ஊசி குத்தினதும் கத்திட்டேன்! நீதான் ராஜா!"

அவள் முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, அந்த மண்ணில் ஒரு சுற்று வந்தாள். அவளுடைய அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குமேல் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்க விடவில்லை. அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி.

பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன், ஜமீலா அப்பா ஏன் முகத்தை மூடிக்கொண்டார் என்று.

"வெயிலு, கண்ணு" என்றாள் அம்மா.

அவ்வளவு பெரிய புளியமரத்து நிழலில் நின்றவருக்கு எங்கிருந்து வெயில் வந்தது என்று ஆம்பூர் வரும்வரை நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.