வட்டக் கட்டிடத்தில் நான் பிடுங்கிய வயர்

குஞ்சு, இன்றைக்கு உன் வேலை இடத்தில் போய் உன் மானத்தை வாங்கிவிட்டேன்!

என் குஞ்சு, என் மகள் அபி, செத்துப்போய் இன்னும் முப்பத்தொன்றாம் நாள் கிரியைகூட முடியவில்லை. இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அவளுடைய கதவு திறக்கிற கார்டைத் திருப்பிக் கொடுக்க, எங்கள் மெரிலேண்ட்ஸில் ரயில் ஏறிச் சிட்னி சிட்டிக்குப் போனேன்.

அந்த உயரமான வட்டக் கட்டிடம். நான் பிறக்க முதலே கட்டியதாம். அந்தக் காலத்தில் முழுவதும் இசைத்தட்டுக் கம்பனியாம். இப்போது ஒரு மாடியில் மட்டும் பாட்டுப் பதிகிறார்கள். அபிக்கு அங்கேதான் வேலை.

"இசைத்தட்டு அடுக்கின மாதிரி இருக்கெல்லோ அம்மா?" என்பாள்.

"எனக்கு இடியப்பத் தட்டு மாதிரித்தான் இருக்கு" என்பேன். (இன்றைக்கும் அப்படித்தான் இருந்தது!)

மூலையே இல்லாத கட்டிடம். நடந்து நடந்து, ஏறி வந்த லிஃப்டின் முன்னாலேயே திரும்ப வந்து நின்றேன்!

பிறகு ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே அவளின் கதிரை, அதில் பூங்கொத்து. சுற்றிவர அவளோடு வேலை செய்கிறவர்கள். பெரிய ஸ்பீக்கரில் இங்கிலிஷ் பாட்டு.

எனக்குத் தலை விறைத்தது. வீட்டில் நான் ரீவிகூடப் போடவில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கும் போகாமல், துடக்கென்று தீட்டுக் காக்கிறேன்.

"செத்த வீட்டுத் துடக்கே முடியேல்லை, உங்களுக்குப் பாட்டுக் கேக்குதோ!"

கத்திக்கொண்டே போய் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

சத்தம் வெளியே போகாத அறை. என் மூச்சு எனக்கே கேட்டது.

அவர்களில் பிரியா, சென்னைப் பிள்ளை, மெல்ல வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி... அது அவ பாடினதுதான்."

"எவ?"

"நம்ம அபிதான் ஆன்ட்டி. கடைசியா பாடினது. அவள நினைச்சுதான் கேட்டுட்டு இருந்தோம்."

வயர் என் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பெற்ற தாய்க்குப் பிள்ளையின் குரல் தெரியவில்லை! வெட்கத்தில் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குறை நினையாதேங்கோ பிள்ளையள்."

"பரவால்ல ஆன்ட்டி. வேணாம்னா விட்டுடுறோம்."

"இல்லை... திருப்பிப் போடு, பிள்ளை."

அவளின் கதிரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். துடக்கோடு பாட்டுக் கேட்டாள் என்று சொந்தக்காரர் பேசினால் பேசட்டும்.

ஒரு சொல்லும் விளங்கவில்லை. மெட்டு மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

குசினியில் நீ எனக்குப் பின்னால் நின்று ஏதோ மெட்டை முணுமுணுப்பாய். "என்னடி புறுபுறுக்கிறாய், வெங்காயத்தை வெட்டு" என்று ஏசுவேன்.

அது இந்தப் பாட்டுத்தானோ, குஞ்சு?