விருந்தாளி திரும்ப எடுத்த சீட்டு

போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கலாமா கூடாதா என்பதற்கு அன்று அந்த அறையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று விருந்தாளிக்கு, மற்றது எனக்கு. இத்தனை ஆண்டுகளில் இதைப் பலரிடம் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

நடந்தது 1998 மே மாதம். 97 என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது தவறு. 97 மே மாதத்தில் காரைக்குடி செக்காலை சாலையில் அந்த வீடியோ கேம் கடையே கிடையாது. கடைக்காரர் பழைய செட்டியார் குடும்பத்தைச் சேர்ந்தவர், எல்லோருக்கும் அண்ணன். அவருடைய சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பெட்டி பெட்டியாக ஒருவகைச் சீட்டு கொண்டுவந்திருந்தான். ராஜா, ராணி போட்ட சீட்டு இல்லை. விலங்குகளும் பூதங்களும் மந்திரங்களும் அச்சிட்டவை. ஆளுக்கொரு பிரிக்காத பெட்டி தருவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கேயே பிரித்து, வந்ததை வைத்துக் கட்டு அமைத்து ஆட வேண்டும்.

போட்டி கடையின் மாடியில். முதல் மூன்று இடம் பெறுபவர்களை மதுரையில் நடக்கவிருந்த பெரிய போட்டிக்கு வேனில் கூட்டிப்போவதாக அண்ணன் அறிவித்திருந்தார். எனக்கு அப்போது கல்லூரியில் இறுதியாண்டு முடிந்திருந்தது. அப்பா பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகச் சீட்டாடப் போகும் மகளை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மூணுல ஒண்ணா வந்தா மதுரைக்குப் போ. வரலைன்னா இதோட விட்ரணும்" என்றார். சரி என்றேன். ஆக, நான் ஆடியது அந்த வேனில் ஓர் இடத்துக்காக.

காற்றாடி ஓடினால் சீட்டு பறக்கும் என்று நிறுத்திவிட்டார்கள். மே மாதத்து வெயிலில் ஓட்டுக்கட்டடத்தின் மாடியில் சட்டை நனைய ஆடினோம். அரையிறுதியில் எனக்கு எதிரே அந்தச் சிங்கப்பூர் விருந்தாளி. நடுவர் அண்ணன்தான். மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவருக்கு வெற்றி.

ஆட்டத்தில் ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். தாக்க அனுப்பும் விலங்கைப் பக்கவாட்டில் திருப்பிவைக்க வேண்டும். திருப்பிவைத்தது அடுத்து எதிராளியின் முறையில் நம்மைக் காக்க வராது. எல்லாவற்றையும் அனுப்பினால் வாசல் திறந்து கிடக்கும். கத்துக்குட்டிகள் எல்லோரும் செய்யும் பிழை அதுதான்.

முதல் ஆட்டத்தில் விருந்தாளி அதைத்தான் செய்தான். தன் நான்கு விலங்குகளையும் திருப்பிவிட்டான். என் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஓ, சாரி. இது ஒன்ன எடுத்துக்கிறேன், ஓகே?" என்று ஒன்றை நேராக்கினான்.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"விடும்மா, ஊருக்கு வந்த புள்ள" என்றார்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வந்தவருக்கு முதலில் இலை போடும் ஊர் இது. "பரவாயில்ல, எடுத்துக்கிடுங்க" என்றேன். அந்த ஒரு விலங்கு காவல் நின்றதால் அந்த ஆட்டத்தை அவன் வென்றான்.

இரண்டாவது ஆட்டம் எனக்கு. மூன்றாவதில் எனக்குக் கை வேகமாகிவிட்டது. இருந்த மூன்றையும் திருப்பினேன். கடைசிச் சீட்டின் மேல் விரல் இருக்கும்போதே உறைத்தது. நேராக்கப் போனேன்.

"போட்டது போட்டதுதானே?" என்றான் விருந்தாளி. என்னிடம் இல்லை, அண்ணனிடம்.

"ரூல்னு ஒண்ணு இருக்குல்லம்மா" என்றார் அண்ணன்.

தோற்றேன். பின்னால் யாரோ ஒருவர், "விவரமான புள்ளப்பா, விடல பாரு" என்று அவனைப் பாராட்டியது காதில் விழுந்தது.

அதன்பிறகுதான் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, மற்ற அரையிறுதியில் தோற்றவன், குளிர்பானத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"ஏக்கா எல்லாத்தையும் திருப்புனீக? ஒண்ண வச்சுருக்கணும்ல?"

"மொத ஆட்டத்துல அவுகளும் அதானே செஞ்சாக?"

"அது வேற."

"என்ன வேற?"

"அவுகதான் எடுத்துட்டாகல்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிழை என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் அது வேறாகத் தெரிந்தது. மூன்றைத் திருப்பியது ஒரு பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் தோற்றது அங்கே இல்லை. விதி என்ன என்று கேட்காமல், பார்வைக்குப் பயந்து "பரவாயில்ல" என்றேனே, அங்கே தோற்றேன். அதை ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணனையும் சொன்னதாகிவிடும்.

மூன்றாம் இடத்துக்கு அந்தத் தம்பியோடுதான் ஆட்டம். வேனில் மீதமிருந்தது ஒரே இடம். சீட்டைக் கலைத்துவைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஆரம்பிக்கு முன்னாடி சொல்லிருங்கண்ணே. போட்ட கார்ட திருப்பி எடுக்கலாமா, கூடாதா?"

"என்னம்மா, கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்குற?"

"எடுக்கலாம்னா ரெண்டு பேரும் எடுப்போம். கூடாதுன்னா ரெண்டு பேருக்கும் கூடாது. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

சுற்றுமுற்றும் பார்த்தார். "கூடாது."

"தம்பிக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா" என்றான் அவன், சிரித்துக்கொண்டு.

முதலில் தவறியது நான்தான். ஒரு மந்திரச் சீட்டை ஒரு சுற்று முன்னதாகவே போட்டுவிட்டேன். திரும்ப எடுக்கவில்லை. அந்த ஆட்டம் போயிற்று. அடுத்தது எனக்கு. கடைசி ஆட்டத்தில் தம்பி தன் காவலையும் சேர்த்துத் திருப்பினான். திருப்பியதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா…"

"கூடாதுன்னு சொன்னாகல்ல தம்பி."

கையை எடுத்துக்கொண்டான். அவன்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு. ஆனால் பின்னாலிருந்து, விருந்தாளியை விவரமான பிள்ளை என்ற அதே குரல், "என்னா கறாரு பாத்தியா, ஒரு கார்டுக்கு" என்றது. திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் இடம் எனக்கு. இரண்டு வாரம் கழித்து மதுரைக்குப் போனோம். அண்ணனின் மனைவியும் வந்ததால் அப்பா மறுக்க வழியில்லாமல் போயிற்று. அங்கும் பிரிக்காத பெட்டிதான். விருந்தாளிக்கு வந்த சீட்டுகளை நான் பார்த்தேன், என்னுடையதைவிட நல்லவை. முதல் சுற்றிலேயே, வெற்றி கைக்கெட்டும் நேரத்தில், இருந்த அத்தனை விலங்கையும் திருப்பினான். திருப்பிவிட்டு, காரைக்குடியில் செய்த மாதிரியே சாரி சொல்லி ஒன்றை எடுக்கப் போனான். எதிரே இருந்த மதுரைக் கல்லூரிப் பையன் அந்தச் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"கைய எடுங்கண்ணே" என்றான். அவ்வளவுதான். அந்த ஆட்டமும் போயிற்று, அடுத்ததும் போயிற்று.

நான் இரண்டு சுற்று வென்று மூன்றாவதில் தோற்றேன். கொல்லும் மந்திரத்தைச் சின்ன விலங்கின் மேல் வீணாக்கினேன். பெரியது பிறகு வந்தது. அந்தப் பிழையை அதற்கப்புறம் நான் செய்ததில்லை. செய்த பிழை கையோடு ஒட்டிக்கொண்டால்தான் ஆடத் தெரியும். இது அந்த வேனில் எனக்கு மட்டும்தான் புரிந்திருந்தது.

திரும்பும்போது, மேலூர் தாண்டியதும் விருந்தாளி பேச ஆரம்பித்தான்.

"அந்த மதுரை ஆளுக்கு மேனர்ஸே இல்ல. ஒரு கார்டு, விட்டிருக்கலாம்."

"அதானே" என்றார் அண்ணன். "உனக்குக் கார்டும் சரியில்லப்பா."

"கார்டு நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றேன் பின்சீட்டிலிருந்து. "காரைக்குடியில பண்ணுன அதே தப்ப அங்கயும் பண்ணுனாக."

விருந்தாளி திரும்பினான். "நானா? காரைக்குடியில நான் என்ன தப்பு பண்ணேன்?"

நடிக்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு நினைவில்லை. எடுத்துக்கொள்ள விட்டதால் அது அவன் கணக்கில் நடக்கவே இல்லை. நான் விட்டுக்கொடுத்ததும் நடக்கவில்லை.

"யம்மா, வண்டியில போகும்போது எதுக்கு அதெல்லாம்?" என்றார் அண்ணன்.

"இப்பச் சொல்லாம எப்பச் சொல்றது?" என்று முதல் ஆட்டத்தின் முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்தேன். எந்த விலங்கு எங்கே நின்றது, யார் எதைத் திருப்பினார், யார் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல். அண்ணனின் மனைவி ஜன்னல்பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். திருப்பத்தூர் வரும்வரை நான் விடவில்லை.