கல்லறையில் நட்ட ஏரிகா

சுவிஸில், டாவோஸ் மலைச்சரிவில் அந்தப் புதரைக் கண்டதுமே எனக்கு யோசனை வந்துவிட்டது. எண்பத்தைந்து செப்டெம்பர், எனக்கு வேலையில்லாத நாள். கல்லிடுக்கில், முழங்காலுக்குக் கீழே நிற்கும் செடி. கம்பி போன்ற கிளைகள், அரிசிமணி அளவில் இளஞ்சிவப்புப் பூக்கள். இங்குள்ளவர்கள் ஏரிகா என்பார்கள். சட்டியில் வளர்த்துக் கடையிலும் விற்கிறார்கள். குளிர் தொடங்கும்போது கல்லறைகளில் நடுகிறார்கள்.

என் அறைத்தோழனின் கல்லறை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. மன்னார்க்காரன், கத்தோலிக்கன். ஹோட்டலில் என்னோடு கோப்பை கழுவியவன், ஏப்ரலில் நிமோனியாவில் போய்விட்டான். "பிள்ளையின்ர கல்லறையில பூ நிக்கிற படம் ஒண்டு அனுப்பு தம்பி" என்று அவன் தாய் இரண்டு கடிதம் எழுதிவிட்டார்.

கரண்டியால் கிண்டி, வேரோடு கொண்டுவந்து நட்டேன். நான் சைவன்; எங்கள் வீட்டில் எரிப்பதுதான், கல்லறை பார்த்துப் பழக்கமில்லை. ஆனால் செடி வளர்க்கத் தெரியும் என்று நினைத்தேன். தாவரவியல் படித்தவன் அல்லவா? அறையில் அரிசி கழுவிய தண்ணீரை, ஊரில் கறிவேப்பிலைக்கு ஊற்றுவதுபோல, நாள் தவறாமல் போத்தலில் கொண்டுபோய் ஊற்றினேன். சில நாள் மீன் கழுவிய தண்ணீரும்.

"செத்தவனுக்குக் கஞ்சி குடுக்கிறியோ?" என்றார் எங்களோடு கோப்பை கழுவும் அண்ணை.

"வேர் பிடிக்க வேணுமெல்லோ அண்ணை."

"ஓம், ஓம். பிடிச்சா எனக்கும் ஒண்டு நட்டுவிடு."

பூவின் நிறம் மங்கவேயில்லை. படம் எடுத்து அனுப்பினேன். நவம்பரில் தாயின் பதில் வந்தது: "பூவைப் பாத்துப் பாத்து அழுதனான். பிள்ளை செத்த ஆண்டுப் பூசை வரைக்கும் பட்டுப்போகாமப் பாத்துக்கொள் தம்பி."

கடிதத்தோடு நேரே மயானத்துக்குப் போய் ஒரு கிளையைத் தொட்டேன். ஈர்க்குப்போல முறிந்தது. இழுத்தால், அழுகிய வேரோடு முழுச்செடியும் கையில் வந்தது. மயானத்தில் வேலை செய்யும் என் வயதுக்காரன் ஒருவன் போத்தலை முகர்ந்து பார்த்துச் சிரித்தான். சத்தில்லாத அமில மண்ணில் பட்டினி கிடந்து வாழும் செடியாம். நான் ஊட்டியே கொன்றுவிட்டேனாம். செத்த பிறகும் பூ நிறம் மாறாதாம். அப்படியென்றால் நான் மன்னாருக்கு அனுப்பிய படத்தில் நின்றதும் செத்த செடிதானோ?

தாய்க்கு இன்னும் பதில் எழுதவில்லை.

ஏரிகாவில் பனிக்குள்ளேயே பூக்கும் இன்னொரு வகை உண்டாம், மார்ச்சில். பூசை ஏப்ரலில். பனி இளகத் தொடங்கியதும் வாளியோடு சரிவுக்கு ஏறப்போகிறேன். இந்தமுறை செடியோடு, அது நின்ற மண்ணையும் கல்லையும் அள்ளி வரவேண்டும்.