சட்டைப்பையில் ஒரு பூசை

தோஹாவில் ஒரு தேவாலய வாசலில் எனக்கு செக்யூரிட்டி வேலை. தோளில் பட்டை, இடுப்பில் வாக்கிடாக்கி, தொப்பைக்குப் பணியாத பொத்தான்கள். வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுவதுதான் என் மொத்த அதிகாரமும். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ஏசுவுக்குக் காவல் நின்றேன்.

அவள் மன்னார்க்காரி. தொழிற்பேட்டையில் நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் சமையல். வீட்டு வேலைக்கு வந்து, அடி பொறுக்காமல் ஓடியவள். பாஸ்போர்ட், அவளை அடித்த கஃபீலிடம், அதாவது விசா எடுத்துக்கொடுத்த முதலாளியிடம். வழக்கு மட்டும் அடிபட்டவள் மேல். நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். இப்படி ஓடியவர்களை இங்கே 'கல்லிவல்லி' என்பார்கள். பிடிபட்டால் ஜெயில், துணை போனவனுக்கும் அதேதான்.

"போலீஸ் ஐயா, கல்லிவல்லி வச்ச மீன் குழம்பு தின்னலாமோ?" என்பாள்.

"சாட்சி இருக்கக்கூடாதுன்னுதான் முள்ளைக்கூட விடாம திங்கிறேன்" என்பேன்.

இந்த வயதில் காதலை வேறெப்படிச் சொல்வது? ரூமில் இருப்பவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். "என்னண்ணே, முருகன் பாதி ஏசு பாதியா?"

அட்டை இல்லாதவள் பூசைக்கு வர முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசை தொடங்கியதும் அவளுக்கு போன் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயில் கதவோரம் நிற்பேன். அங்கே அவள் வெங்காயம் அரிந்துகொண்டே செபம் சொல்வாள்.

ஊரில் அவள் அம்மா இறந்துபோனார். போக வழியில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு வெள்ளிக்கிழமையில் வந்தது.

"ஒரேயொருக்கா உள்ள வந்து அம்மாவுக்காக நன்மை எடுக்கோணும். அதை போனில தரேலாதே." நன்மை என்றால் பூசையில் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம்.

"வா. வாசல்ல நான்தானே நிக்கிறேன்."

முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் வந்தாள். வெறும் பர்ஸை விரித்துக் காட்டினாள். நானும் உற்றுப் பார்த்துவிட்டு, "போங்க மேடம்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் பாடற்குழுத் தலைவர். என் வணக்கத்துக்கு ஒருநாளும் தலையாட்டாத தமிழர்.

"ஏம்ப்பா, அந்தம்மா கார்டே காட்டலியே?"

"காட்டுனாங்க சார்."

"நான் பின்னாடிதானே நிக்கிறேன்? சூப்பர்வைசரைக் கூப்பிடவா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

எனக்குக் கை முறுக்கேறியது. அதற்குள் அவள் திரும்பி வந்தாள்.

"அவரில பிழையில்ல ஐயா. கார்டை மறந்திட்டன். எடுத்திட்டு வாறன்."

எடுத்துவர என்ன இருக்கிறது? வெயிலில் இறங்கி நடந்தாள். அவர் உள்ளே போய் நற்கருணை வாங்கினார். அம்மாவுக்காக ஓடிவந்தவளை விரட்டிய அதே நாக்கில். வெளியே வந்தவர் என் தோளைத் தட்டினார்.

"உன் நல்லதுக்குத்தாம்ப்பா சொன்னேன். டூட்டியை ஒழுங்காப் பாரு."

"யெஸ் சார்" என்றேன். வயிறு எரியும்போதும் சல்யூட் அடிக்கிற ஜென்மம் என்னுடையது.

அடுத்த வெள்ளி அவளே கூப்பிட்டாள்.

"பூசை தொடங்கிட்டுதோ?"

"எதுக்கு? அந்தாளு பாட்டைக் கேக்கவா? அவன் தொண்டையில முள்ளு குத்த..."

"ஏசாதீங்க. நான் அவருக்காகவா வாறன்? பையில போடுங்க."

போட்டேன். பாட்டு எழும்பியது. நடுவில் அவர் தனியாகப் பாட ஆரம்பித்தார். அது முடிகிறவரை சட்டைப்பையை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள், செக்யூரிட்டி நெஞ்சில் கைவைத்து வேண்டுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.